கல்யாணக் கேமராவால் ஒரு விண்மீனின் தூரத்தை அளந்த பதிவு

மேலூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பால்காய்ச்சு என்று ஓடும் தொழில். ஆடி பிறந்துவிட்டால் முகூர்த்தம் கிடையாது, கேமரா பையை விட்டு வெளியே வராது. போன ஆடியில் அப்படிச் சும்மா கிடந்த பழைய கேனன் 1200டியையும் 50 மிமீ லென்ஸையும் வைத்து ஒரு விண்மீன் துடிப்பதை அளக்க ஆரம்பித்தேன். புரட்டாசி முடியும்போது அந்த விண்மீன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற கணக்கு வரை வந்துவிட்டோம். இதே கேமரா வைத்திருக்கும் யாரும் செய்யக்கூடிய வேலை என்பதால், நான் இடறிய இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆரம்பித்து வைத்தது அண்ணன் மகள். மதுரையில் புள்ளியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "சித்தப்பா, ஒரு விண்மீன் எவ்வளவு வெளிச்சமா இருக்குன்னு உங்க கேமராவால எண்ணாச் சொல்ல முடியுமா?" என்று கேட்டாள். முகத்தில் விழும் வெளிச்சத்தை அளந்துதானே பிழைக்கிறோம், முடியும் என்றேன்.

விண்மீனையும் அவளே தேர்ந்தெடுத்தாள்: ஈட்டா அக்கிலே. கண்டுபிடிப்பது எளிது. ஆடி மாதம் இரவு ஒன்பது மணிக்குக் கிழக்கே பார்த்தால் திருவோணம் நன்றாக ஏறியிருக்கும். நடுவில் பளிச்சென்று ஆல்டேர், இருபுறமும் மங்கலாக ஒவ்வொன்று என மூன்று விண்மீன்கள். ஆல்டேருக்கு ஏறக்குறைய நேர் தெற்கே, கைமுஷ்டி அகலத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் ஈட்டா இருக்கும். பார்க்க ரொம்பச் சாதாரணம். ஆனால் 7 நாளுக்கும் கொஞ்சம் கூடுதலான காலத்தில் இரண்டு மடங்குக்கு மேல் பிரகாசமாகி மறுபடி மங்கும். 1784 செப்டம்பரில் இங்கிலாந்தின் யார்க் நகரிலிருந்து எட்வர்ட் பிகாட் என்பவர் வெறுங்கண்ணால் பார்த்தே இதைக் கண்டுபிடித்தார். இப்படிச் சீராகத் துடித்து ஏறி இறங்கும் செஃபீடு வகை விண்மீன்களுக்குப் பெயர் கொடுத்த டெல்டா செஃபையை அவருடைய நண்பர் குட்ரிக் கண்டுபிடித்தது அடுத்த மாதம்தான். செஃபீடுகளில் முதலில் அகப்பட்டது நம் தலைக்கு மேலே வரும் இந்த ஈட்டா.

செஃபீடு ஏன் முக்கியம் என்றால், 1912-இல் ஹென்ரியட்டா லீவிட் சிறிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்து விண்மீன் மண்டலத்தில் இருந்த 25 மாறு விண்மீன்களை வைத்து ஒரு விதியைக் காட்டினார். துடிப்பு எவ்வளவு மெதுவோ, விண்மீன் உண்மையில் அவ்வளவு பிரகாசம். துடிக்கும் காலத்தை அளந்தால் உண்மைப் பிரகாசம் தெரிந்துவிடும். அதை வானில் தெரியும் பிரகாசத்தோடு ஒப்பிட்டால் தூரம் கிடைக்கும். 1923-இல் ஹப்பிள் ஆந்திரோமீடாவில் ஒரு செஃபீடைப் பிடித்து, அது நம் பால்வழிக்கு வெளியே இருக்கும் தனி விண்மீன் மண்டலம் என்று நிறுவியதும் இந்த வழியில்தான். இதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பிடி விடவில்லை. ஒரு விளக்கு எத்தனை வாட் என்று தெரிந்தால் அது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று சொல்லிவிடலாம், லைட்டிங் செய்கிற எவருக்கும் இது புரியும்.

இடம், அரிட்டாபட்டியில் அத்தை வீட்டு மொட்டை மாடி. மதுரை நகரத்தின் வெளிச்சம் தென்மேற்கில் மஞ்சளாகத் தேங்கி நிற்கும், உச்சி வானம் மட்டும் நன்றாக இருட்டும்.

முதல் மூன்று இரவுகள் முழுக்க வீண். கல்யாண மண்டபத்தில் எடுப்பது போலவே எடுத்தேன்: ஐஎஸ்ஓ 1600, கூர்மையான ஃபோகஸ், ஜேபெக். படம் அழகாக இருந்தது. எண்களைப் பார்த்தால் எல்லா விண்மீனும் ஏறக்குறைய ஒரே பிரகாசம். சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்னக் குடம். இந்தக் கேமராவில் அது 16,383 வரைதான் எண்ணும். ஃபோகஸ் கூர்மையாக இருந்தால் விண்மீனின் ஒளி முழுவதும் நாலைந்து குடத்தில் கொட்டி வழிந்துவிடும், வழிந்தது கணக்கில் வராது. ஜேபெக் வேறு தன் பங்குக்கு வெளிச்சத்தை வளைத்துத் தருகிறது.

அதனால் கைப்பழக்கத்துக்கு எதிராக எல்லாவற்றையும் மாற்றினேன். கேமரா கைவைக்காமல் அப்படியே தரும் ரா ஃபைல் மட்டும். ஐஎஸ்ஓ 400, எஃப் 2.8, 5 வினாடி. ஃபோகஸை வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்து, விண்மீன் ஒரு சின்ன வட்டமாகத் தெரியும்படி வைத்து, லென்ஸ் வளையத்தை இன்சுலேஷன் டேப்பால் ஒட்டிவிட்டேன். இரவுக்கு 20 படம். வானத்தோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பும் டிராக்கர் தேவையில்லை. 5 வினாடியில் வானம் நகர்வது நாலைந்து பிக்சல்தான், கலைந்த வட்டத்துக்குள் அது அடங்கிவிடுகிறது.

அளப்பதற்கு சிரில் என்ற இலவச மென்பொருள். பச்சைப் புள்ளிகளை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். மனிதக் கண்ணை ஒட்டி வானியலாளர்கள் வைத்திருக்கும் அளவுகோலுக்கு நெருக்கமான நிறம் அது. விண்மீனைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு உள்ளே இருப்பதைக் கூட்டி, வெளி வளையத்தில் கிடைக்கும் வானத்தின் வெளிச்சத்தைக் கழித்தால் ஓர் எண் வரும். அந்த எண் தனியாக எதற்கும் உதவாது, ஒப்பிட இன்னொரு விண்மீன் வேண்டும். திருவோணத்தின் தெற்கு விண்மீனான பீட்டா அக்கிலேயை எடுத்துக்கொண்டோம். அதன் பொலிவெண், அதாவது பிரகாசத்தைச் சொல்லும் எண், 3.71; நிறமும் ஈட்டாவைப் போல மஞ்சள். வெள்ளை விண்மீனோடு ஒப்பிட்டால் நம் பச்சைப் புள்ளிகள் நிறத்துக்குத் தகுந்தபடி ஏமாற்றும்.

ஓர் இரவின் கணக்கு: பீட்டா 61,200. ஈட்டா 48,600. விகிதம் 0.794. அதன் மடக்கையை 2.5 ஆல் பெருக்கிக் குறியை மாற்றினால் 0.25. ஆக ஈட்டாவின் பொலிவெண் 3.71 உடன் 0.25 சேர்த்து 3.96. எண் கூடினால் மங்கல் என்று பொருள்.

இந்த 2.5-ஐப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து பொலிவெண் வித்தியாசம் சரியாக 100 மடங்கு என்று 1856-இல் முன்மொழிந்தவர் நார்மன் போக்ஸன். அவர் 1861-இல் சென்னை வானாய்வகத்துக்கு வந்து, 1891-இல் இறக்கும் வரை சென்னையிலேயே இருந்தார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறு விண்மீனைக் கண்டுபிடித்தார். உலகம் முழுவதும் பயன்படுத்தும் அளவுகோலை வகுத்தவர் நுங்கம்பாக்கத்தில் முப்பது வருடம் இருந்திருக்கிறார் என்பதை நான் இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு முறை 2.5 என்று தட்டும்போதும் அவர் நினைவு வந்தது.

சரி, இப்போது இந்தப் பதிவை எழுதவே காரணமான விஷயத்துக்கு வருகிறேன்.

எட்டு இரவுகள் முடிந்ததும் வரைபடம் போட்டேன். ஓர் இரவின் 20 படங்களும் தங்களுக்குள் சுமார் 0.025 அளவுக்குச் சிதறின. பெரும்பாலும் அது காற்றால் வரும் மினுக்கம். 20 படத்தின் சராசரி எடுத்தால் பிழை 20-இன் வர்க்கமூலத்தால் குறையும் என்று படித்திருந்தேன். ஆக 0.006. அந்தச் சின்னப் பிழைக்கோடுகளோடு புள்ளிகளை வைத்தால், ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தது, ஆனால் வளைகோடு ஒன்றும் ஒழுங்காக அமையவில்லை. ஒரு புள்ளி 0.1 மேலே, அடுத்தது 0.1 கீழே. விண்மீன்தான் அப்படித் துள்ளுகிறதோ என்றுகூட நினைத்தேன்.

அண்ணன் மகள் பார்த்துவிட்டு, "மாறாத விண்மீன் ஒண்ணையும் இதே மாதிரி அளந்து பாருங்க சித்தப்பா" என்றாள். அதே படத்துக்குள் ஐயோட்டா அக்கிலே இருந்தது, பொலிவெண் 4.36. எட்டு இரவும் அதே எண் வந்திருக்க வேண்டும். வந்ததோ 4.27 முதல் 4.45 வரை. சிதறலைச் சொல்லும் அளவான திட்டவிலக்கம் 0.06. நான் பெருமையாகப் போட்டிருந்த பிழையைப் போலப் பத்து மடங்கு.

"20 படமும் தனித்தனியாத் தப்புப் பண்ணியிருந்தா சராசரியில அது கரையும். 20 படமும் சேர்ந்து ஒரே தப்பைப் பண்ணியிருந்தா?"

இது எனக்கு உடனே உறைத்தது. ஒயிட் பேலன்ஸ் தப்பாக வைத்து ஒரு கல்யாணம் முழுக்க எடுத்தால் ஆயிரம் படமும் ஊதாவாகத்தான் வரும். ஆயிரம் எடுத்தோம் என்பதற்காகச் சராசரியில் பட்டுச்சேலையின் நிறம் திரும்பி வந்துவிடாது. ஓர் இரவின் 20 படங்களுக்கும் பொதுவான பிழை ஒன்று இருக்கிறது. இரவுக்கு இரவு அது மாறுகிறது. அதை அந்த இரவுக்குள்ளேயே தேடினால் கண்ணில் படாது. மாறாத ஒன்றை இரவுக்கு இரவு அளந்தால்தான் தெரியும்.

அது என்ன என்று தேட இரண்டு நாள் ஆனது. ஒவ்வொரு படத்திலும் ஐயோட்டா எந்த மூலையில் விழுந்திருக்கிறது என்று எழுதினேன். மங்கலாக வந்த இரவுகளில் எல்லாம் அது படத்தின் ஓரத்தில் இருந்தது. லென்ஸின் ஓர இருட்டு! போட்டோகிராபருக்குத் தெரியாத விஷயமா? கல்யாணப் படத்தில் ஓரம் கொஞ்சம் இருண்டால் அழகு என்று விட்டுவிடுவோம். இங்கே அது 10 சதவீதக் களவு. இரவில் குத்துமதிப்பாகக் கேமராவைத் திருப்பியதால் ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு விண்மீன் ஓரத்துக்குப் போயிருக்கிறது.

வைத்தியம் எளிது. வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து, சுருக்கம் இல்லாமல் லென்ஸின் மேல் இழுத்து ரப்பர் பேண்ட் போட்டு, விடிந்தும் விடியாத வானத்தைப் பார்த்து அதே எஃப் 2.8, அதே ஃபோகஸில் 30 படம். கரை இல்லாத பகுதியாகப் பார்த்து எடுக்க வேண்டும். சூரியன் எட்டிப் பார்த்த பிறகு எடுத்தால் ஒரு பக்கம் வெளிச்சம் கூடிவிடும், அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. இந்தச் சமவெளிச்சப் படத்தால் இரவுப் படங்களை வகுத்தால் ஓர இருட்டு நீங்கிவிடும். லென்ஸ் வளையம் டேப் போட்டபடியே இருந்ததால் பழைய எட்டு இரவுகளையும் திரும்பத் திருத்த முடிந்தது. ஐயோட்டாவின் சிதறல் 0.06-இலிருந்து 0.02-க்கு இறங்கியது. அந்த 0.02-தான் என் உண்மையான பிழை. அதன் பிறகு எல்லாப் புள்ளிக்கும் அதையே போட்டேன். படம் எடுப்பதை 20-லிருந்து 100 ஆக்கினாலும் அது குறையப்போவதில்லை என்று தெரிந்ததால் இரவில் சீக்கிரம் தூங்கவும் முடிந்தது.

இன்னொரு சின்னத் திருத்தம், சராசரிக்குப் பதில் இடைநிலை. ஒரு நாள் துண்டு மேகம் ஒன்று ஈட்டாவை மட்டும் தடவிக்கொண்டு போனதில் ஒரு படம் 0.5 மங்கியது. அந்த ஒரே படம் 20-இன் சராசரியை 0.025 இழுத்துவிட்டது. 20 எண்களை வரிசையாக அடுக்கி நடுவில் இருப்பதை எடுத்தால் அப்படி ஒன்று வந்தாலும் அசைவதில்லை.

ஆவணி பிறந்தது, வேலையும் வந்தது. எங்கள் பக்கம் சனிக்கிழமை இரவு ரிசப்ஷன், ஞாயிறு விடியற்காலை முகூர்த்தம். அதனால் வாராவாரம் சனி இரவு வானம் கிடையாது. வாரத்தில் ஒரு நாள்தானே போகிறது என்று நினைத்தேன். ஆனால் இந்த விண்மீன் ஒரு சுற்று முடிக்க எடுப்பது 7 நாளும் நாலு மணி நேரத்துச் சொச்சமும். இந்தச் சனி அது எந்த நிலையில் இருந்ததோ, அடுத்த சனியும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருக்கும். நான்கு வாரம் போனாலும் முக்கால் நாள் கூடத் தள்ளாது. ஒவ்வொரு வாரமும் நான் விட்டுக்கொண்டிருந்தது ஒரே இடத்தை. அதுவும் மங்கலிலிருந்து சட்டென்று மேலே ஏறும் இடம். வளைகோட்டில் அங்கே மட்டும் பெரிய ஓட்டை.

அதை அடைக்க ஒரு சனி இரவு ரிசப்ஷன் முடிந்து பதினொன்றரை மணிக்கு, மண்டபத்து வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டுக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். கீழே சீரியல் லைட் எரிந்துகொண்டிருந்தது. வானத்தின் பின்வெளிச்சம் அரிட்டாபட்டியைப் போல் பல மடங்கு. அந்த இரவின் எண்ணுக்குப் பிழை 0.04 என்று போட்டேன். ஆனாலும் முப்பத்தெட்டு இரவுகளில் எனக்கு மிகவும் வேண்டியது அந்த ஒரு புள்ளிதான். அது ஏற்றத்தின் நட்ட நடுவில் போய் உட்கார்ந்தது.

துடிப்புக் காலத்தைக் கண்டுபிடிக்கும் முறையைச் சேலை மடிப்பை வைத்துப் புரிந்துகொண்டேன். பார்டரில் அன்னம் திரும்பத் திரும்ப வருகிறது. ஓர் அன்னத்துக்கும் அடுத்த அன்னத்துக்கும் உள்ள அளவில் சரியாக மடித்தால் அன்னத்தின் மேல் அன்னம் விழும். அளவு தப்பினால் எல்லாம் கலங்கும். அதுபோல 91 நாள் அளவீடுகளை 7.00 நாள், 7.01 நாள் என்று ஒவ்வோர் அளவிலும் மடித்துப் பார்க்க வேண்டும். மடித்த பின் அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே உள்ள வித்தியாசங்களின் வர்க்கத்தைக் கூட்டினால், சரியான மடிப்பில் அந்தக் கூட்டல் மிகக் குறைவாக இருக்கும். 1965-இல் லாஃப்லரும் கின்மனும் சொன்ன வழி இது. கையால் செய்து மாளாது. அண்ணன் மகள் பைத்தானில் எழுதிக் கொடுத்தாள்.

ஆவணி நடுவில் இதை முதல்முறை ஓட்டியபோது இரண்டு பள்ளங்கள் வந்தன. ஒன்று 7.18 நாள், இன்னொன்று 1.16 நாள். இரண்டாவதைப் பார்த்துத் திடுக்கிட்டேன். நான் தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே ஒரு முறை பார்ப்பதால் வந்த வினை இது. ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு முழுச் சுற்றை முடித்துவிடுகிற வேகமான விண்மீனும் எனக்கு மெதுவானது போலவே தெரியும். ஓடும் காரின் சக்கரம் வீடியோவில் மெதுவாகச் சுற்றுவது போலத் தெரியுமே, அதே கதை. புத்தகத்தில் 7.177 நாள் என்று போட்டிருக்கிறது என்பதற்காக இன்னொன்றைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நம் கையில் இருக்கும் சான்றை வைத்தே தள்ள வேண்டும். அதனால் ஒரு நாள் இரவு ஏழரைக்கு ஒரு முறை, பன்னிரண்டரைக்கு ஒரு முறை எடுத்தோம். 1.16 நாள் என்றால் அந்த ஐந்து மணி நேரத்தில் 0.2 அளவாவது மாறியிருக்க வேண்டும். மாறியது 0.03 மட்டும். 1.16 அங்கேயே விழுந்தது.

காலம் கிடைத்தால் போதாது, அதன் பிழையும் வேண்டும். 1979-இல் பிராட்லி எஃப்ரான் கொடுத்த முறை ஒன்றை அவள் சொன்னாள். 38 இரவுகளையும் 38 சீட்டாக எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுக்க வேண்டும். ஊரில் குலுக்கல் சீட்டு நடத்துகிறவர்கள் எடுத்தவர் பெயரை மறுபடி போடமாட்டார்கள். இங்கே எழுதிக்கொண்டு திரும்பக் குடத்திலேயே போட்டுவிட வேண்டும். 38 முறை எடுத்தால் சில இரவுகள் இரண்டு மூன்று முறை வரும், சில வரவே வராது. அந்தப் பட்டியலில் காலத்தைக் கணக்கிட வேண்டும். இப்படி 1000 தடவை. கிடைக்கும் 1000 விடைகள் எவ்வளவு சிதறுகின்றனவோ அதுவே பிழை. எங்களுக்கு வந்தது 7.18 நாள், பிழை 0.01.

புரட்டாசிக் கடைசியில் தூரக் கணக்கு. பக்கத்துச் செஃபீடுகள் பத்தின் தூரத்தை ஹப்பிள் தொலைநோக்கியால் அளந்து 2007-இல் வெளியிட்ட சூத்திரத்தில் 7.18-ஐப் போட்டால் உண்மைப் பொலிவெண் மைனஸ் 3.70. நாங்கள் அளந்த சராசரிப் பொலிவெண் 3.90. வித்தியாசம் 7.60. அதைத் தூரமாக மாற்றினால் 1,080 ஒளியாண்டு.

நூல்களில் உள்ள தூரமோ 900-ஐ ஒட்டி. மறுபடி ஓர இருட்டோ, ஒப்பீட்டு விண்மீனோ என்று எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன். அளவீட்டில் பிழை இல்லை. இடையில் தூசு இருக்கிறது. ஈட்டா இருப்பது பால்வழியின் பட்டையை ஒட்டி. அங்கே விண்மீன்களுக்கு நடுவில் பரவியிருக்கும் மெல்லிய தூசு ஒளியைக் குடித்துவிடும். மங்கலாகத் தெரிவதைத் தூரமாக இருக்கிறது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். 1930-இல் டிரம்ப்ளர் இதைச் சான்றோடு காட்டும் வரை வானியலாளர்களின் தூரக் கணக்கெல்லாம் இதனால் தடுமாறியிருக்கிறது. தூசு நீல ஒளியை அதிகம் தடுப்பதால் விண்மீன் சற்றுச் சிவந்து தெரியும். ஈட்டா எவ்வளவு சிவந்திருக்கிறது என்பதிலிருந்து தூசு தின்றது சுமார் 0.4 பொலிவெண் என்று வருகிறது. இதை நான் அளக்கவில்லை, வெளியிட்ட அளவை எடுத்துக்கொண்டேன். கழித்தால் 7.20. தூரம் 900 ஒளியாண்டு. ஒரே காலம் கொண்ட செஃபீடுகளும் பிரகாசத்தில் தங்களுக்குள் கொஞ்சம் வேறுபடும் என்பதால் பிழை 100 ஒளியாண்டு வரை போகும்.

அத்தையிடம் சொன்னேன். "அப்போ அந்த வெளிச்சம் எப்பய்யா கெளம்புனது?" என்று கேட்டது. ராசேந்திர சோழன் மதுரையை ஆண்ட காலத்திலிருந்து மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழரை வென்ற காலம் வரை, இதற்கு நடுவில் ஏதோ ஒரு வருசம் என்றேன். "இருநூறு வருசத்த இப்படி மொத்தமாச் சொல்றியே" என்றது. அது தூரக் கணக்கின் பிழை. அதைச் சுருக்க எங்கள் கேமராவால் ஆகாது, ஒரே மாதிரி முறையில் பல செஃபீடுகளை அளந்து பார்த்தால்தான் சிதறல் எவ்வளவு என்பது எங்களுக்கே தெரியும்.

அடுத்ததை அதனால் முடிவு செய்துவிட்டோம். மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. மிதுனத்தில் இருக்கும் ஜீட்டா ஜெமினோரம் 10.15 நாள் துடிப்பு, 3.6-க்கும் 4.2-க்கும் நடுவில் ஏறி இறங்கும். பக்கத்திலேயே ஒப்பிட லாம்டா ஜெமினோரம், சரிபார்க்க டெல்டா ஜெமினோரம். மார்கழிப் பனி லென்ஸில் படியாமல் இருக்க வளையத்தைச் சுற்றிக் கட்டும் சூடேற்றும் பட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டிருக்கிறேன். வேட்டியை வெளுத்து மடித்து, கேமரா பையிலேயே வைத்தாயிற்று.